5 கோடி 20 இலட்சம் நீண்டகாலப் பொறுப்பு: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும். உங்கள் மச்சான் பேலியகொடையில் ஒரு பொதியிடல் கம்பனி நடத்துகிறார், 20 சதவீதப் பங்கை உங்களுக்குத் தரலாம் என்கிறார், மார்ச் 31 கணக்கையும் அனுப்பியிருக்கிறார். அதில் நடைமுறையல்லாப் பொறுப்புகள் என்ற தலைப்பின் கீழே 520 இலட்சம் நிற்கிறது: வங்கிக் கடன் 170, ஸ்டோர்ஸ் குத்தகைப் பொறுப்பு 53, பணிக்கொடை 97, பிற்போடப்பட்ட வரி 40, பணிப்பாளர் கடன் 160. நடைமுறைச் சொத்துக்கள் 410 இலட்சம், நடைமுறைப் பொறுப்புகள் 330 இலட்சம். வட்டி, பெறுமானத் தேய்வு, வரி எல்லாம் கழிக்க முந்திய இலாபம் 190 இலட்சம். "இவ்வளவு கடன் இருக்கிற கம்பனியில் காசு போடலாமா?" என்று கேட்கிறீர்கள்.

அந்த 520 இலட்சம் ஒரே கடன் இல்லை. ஐந்து வேறு வேறு விஷயங்களை ஒரே தலைப்பின் கீழே கூட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்துப் பயப்படுவதாலும் பயனில்லை, தைரியப்படுவதாலும் பயனில்லை. ஒவ்வொரு வரியிடமும் இரண்டு விஷயம் கேளுங்கள். இந்தக் காசு எப்போது கம்பனியை விட்டு வெளியே போகும்? அந்தத் திகதியை முன்னுக்கு இழுக்கிற அதிகாரம் யாருக்கு இருக்கிறது? இரண்டாவதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன், பெரும்பாலானவர்கள் கேட்காமல் விடுவதும் அதைத்தான்.

விதி எளிமையானது. கணக்கு முடிகிற நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டவேண்டியது நடைமுறைப் பொறுப்பு, அதற்குப் பிறகு வரை தள்ளிப்போட கம்பனிக்கு உரிமை இருந்தால் அது நடைமுறையல்லாதது. உரிமை என்பதுதான் இங்கே அழுத்தம். "கேட்கமாட்டார்கள்" என்ற நம்பிக்கை உரிமை ஆகாது, "நாங்கள் பிறகுதான் கட்டுவோம்" என்ற எண்ணமும் உரிமை ஆகாது. அந்த உரிமை மார்ச் 31 அன்று கையில் இருந்திருக்கவேண்டும்.

வங்கிக் கடனை முதலில் பார்ப்போம். 300 இலட்சம், 5 வருடம், வட்டி தவிர முதல் தொகையில் மாதம் 5 இலட்சம் கட்டுவது என்று எடுத்திருக்கிறார்கள், 14 தவணை கட்டி முடிந்திருக்கிறது. மிச்சம் 230. அடுத்த 12 மாதத்தில் கட்டவேண்டிய 60 இலட்சம் நடைமுறைப் பொறுப்புக்குள் போயிருக்கிறது, பாக்கி 170 தான் நீங்கள் பார்த்த வரி. கணக்கு சரி. ஆனால் அந்த 60 இலட்சம் நீங்கள் பயந்த 520க்குள் இல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். நீண்டகாலக் கடனின் மிக அவசரமான துண்டு எப்போதும் மற்றத் தலைப்பின் கீழேதான் இருக்கும், அதனால் இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் எதுவும் சொல்ல முடியாது.

இந்த 170ஐ முன்னுக்கு இழுக்கிற அதிகாரம் வங்கியிடம் இருக்கிறது, எப்போது என்றால் நிபந்தனை மீறப்பட்டால். ஃபெசிலிட்டி லெட்டரில், அதாவது வங்கி கடனின் நிபந்தனைகளை எழுதித் தருகிற கடிதத்தில், கடனுக்கும் உரிமையாண்மைக்கும் (சொத்திலிருந்து பொறுப்பைக் கழித்த பங்குதாரரின் மிச்சம்) இடையிலான விகிதம் இவ்வளவைத் தாண்டக்கூடாது, இலாபம் வட்டியைப்போல் இத்தனை மடங்கு இருக்கவேண்டும் என்று வரிகள் இருக்கும். மார்ச் 31க்குள் அதில் ஒன்று மீறப்பட்டு, அதனால் முழுக் கடனையும் உடனே கேட்க வங்கிக்கு உரிமை வந்துவிட்டால், 170 முழுவதும் நடைமுறைப் பொறுப்புக்குப் போகவேண்டும். வங்கி ஒரு சதமும் கேட்காவிட்டாலும் அப்படித்தான். குறைந்தது 12 மாத அவகாசம் தருவதாக வங்கி மார்ச் 31க்கு முன்பே ஒத்துக்கொண்டிருந்தால் மட்டும் பழைய இடத்திலேயே விடலாம், ஏப்ரலில் ஓடிப்போய் வாங்கிய கடிதம் உதவாது. 2024 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த சர்வதேசக் கணக்கியல் நியமத் திருத்தத்தில் இன்னொன்றும் சேர்ந்தது: அடுத்த 12 மாதத்துக்குள் சோதிக்கப்படப்போகிற நிபந்தனைகளைப் பற்றிக் குறிப்புகளில் விவரம் சொல்லவேண்டும். அந்தக் குறிப்பு உங்களிடம் வந்த பிரதியில் இருக்கிறதா பாருங்கள்.

வட்டி வீதமும் முக்கியம். நிலையானதா, அல்லது ஏடபிள்யூபிஎல்ஆர் (வங்கிகள் தங்கள் முதல்தர வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற கடன்களின் சராசரி வட்டி) உடன் சேர்ந்து ஏறி இறங்குவதா? 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளியால் உயர்த்தியது. மிதக்கும் வட்டியில் கடன் எடுத்திருந்த கம்பனிகளின் நிதிநிலைக் கூற்றில் கடன் தொகை ஒரு ரூபாயும் மாறவில்லை, மாதாமாதம் கட்டவேண்டிய வட்டி மட்டும் ஏறிக்கொண்டே போனது. டொலரில் கடன் இருந்தவர்களுக்கு இன்னும் மோசம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயளவுக்குப் போனபோது, ஒரு இலட்சம் டொலர் கடன் 200 இலட்சத்திலிருந்து 360 இலட்சமாக நின்றது. புதிதாக ஒரு சதம் கடன் வாங்காமலே 160 இலட்சம் நட்டம். உங்கள் மச்சானின் கடன் ரூபாயில் என்பதால் அந்தக் கவலை இல்லை, வட்டி வீதத்தை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து குத்தகை. "வாடகை எப்படிக் கடன் ஆகும்?" என்று நீங்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள். 2019 ஜனவரி 1 முதல் எஸ்எல்எஃப்ஆர்எஸ் 16 என்ற இலங்கைக் கணக்கியல் நியமம் வந்த பிறகு, 12 மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைகளில் பெரும்பாலானவற்றின் வருங்கால வாடகையை இன்றைய பெறுமதியில் பொறுப்பாகப் பதியவேண்டும், மறுபக்கம் அந்த இடத்தைப் பாவிக்கும் உரிமை ஒரு சொத்தாக வரும். ஸ்டோர்ஸுக்கு மாதம் 5 இலட்சம், வருடம் 60, மூன்று வருட ஒப்பந்தம். சுலபத்துக்காக வருட முடிவில் கட்டுவதாக வைத்து 14 சதவீத வட்டியில் இன்றைய பெறுமதிக்குக் கழித்தால் தொடக்கத்தில் 139.3 இலட்சம். முதல் வருடம் அதன் மேல் வட்டி 19.5, கட்டிய 60இல் மிச்சம் 40.5 முதலுக்குப் போகிறது, பொறுப்பு 98.8க்கு இறங்குகிறது. இதில் அடுத்த வருடம் கட்டும் 60இல் முதல் தொகையாகக் கழியப்போகும் 46.2 நடைமுறை, 52.6 நடைமுறையல்லாதது. உங்கள் கணக்கில் 53 என்று இருப்பது இதுதான்.

ஒன்றைக் கவனியுங்கள். இலாப நட்டத்தில் வாடகை என்ற வரி இப்போது இல்லை. அதற்குப் பதிலாக 46.4 தேய்வும் 19.5 வட்டியும், மொத்தம் 65.9 முதல் வருடம் செலவாகிறது, மூன்றாம் வருடம் அதுவே 53.8 ஆகிவிடும். கையிலிருந்து போகிற காசு மூன்று வருடமும் 60 தான். ஆகவே தேய்வுக்கும் வட்டிக்கும் முந்திய இலாபம் 190 என்று உங்களுக்குச் சொன்ன எண்ணில் ஸ்டோர்ஸ் வாடகை கழிக்கப்படவில்லை. இது ஏமாற்று இல்லை, நியமம் அப்படி. ஆனால் இதைத் தெரியாமல் அந்த இலாபத்தை வைத்துப் பங்கின் விலை பேசினால் 60 இலட்சம் வாடகையே இல்லாத ஒரு கம்பனிக்கு விலை பேசுகிறீர்கள்.

(சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான நியமத்தைப் பின்பற்றும் கம்பனியில் சாதாரண வாடகை இப்படிப் பொறுப்பாக வராது, பழையபடி செலவாகவே போகும். அதனால் இரண்டு கம்பனிகளின் கடனை ஒப்பிடுவதற்கு முன் எந்த நியமத்தில் எழுதியது என்று கணக்கியல் கொள்கைக் குறிப்பில் பாருங்கள்.)

பணிக்கொடைக்கு வருவோம். இங்கேதான் என் தொழிலில் நான் அதிகம் கோபப்படுவது, ஏனென்றால் 20, 25 வருடம் உழைத்த மனிதர்களின் காசு இது, கணக்கில் ஒரு வரியாக மட்டும் இருக்கிறது, அதற்கென்று ஒதுக்கி வைத்த பணம் பெரும்பாலான தனியார் கம்பனிகளில் எங்கேயும் இல்லை. 1983ஆம் ஆண்டு 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி 15 பேருக்கு மேல், அல்லது சரியாக 15 பேர், வேலை செய்த இடத்தில் 5 வருடம் முடித்த ஒருவர் விலகினால், மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தில், 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும். 80,000 ரூபாய் வாங்கும் ஒருவர் 10 வருடத்தில் போனால் 4 இலட்சம். ஊழியர் சேமலாப நிதி போல் மாதாமாதம் கட்டி முடிகிற விஷயம் இல்லை இது. அதில் 12 சதவீதத்தைக் கட்டியதும் அந்த மாதத்துக் கடமை தீர்ந்தது. பணிக்கொடையில் சம்பளம் ஏறும்போதெல்லாம் பழைய வருடங்களுக்கான கடனும் சேர்ந்து ஏறுகிறது.

அப்படியானால் 97 இலட்சம் எப்படி வந்தது? ஒவ்வொரு ஊழியருக்கும் எவ்வளவு காலம் இருப்பார், சம்பளம் எவ்வளவு ஏறும் என்று மதிப்பிட்டு, இதுவரை உழைத்த காலத்துக்குரிய பங்கை இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவருகிறார்கள். 5 வருடம் முடிக்காதவருக்கும் பதிவு உண்டு. இதில் கழிவு வீதம், அதாவது இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவரப் பாவிக்கிற வட்டி வீதம், செய்கிற வேலையைப் பாருங்கள். 15 வருடம் கழித்துக் கொடுக்கவேண்டிய 10 இலட்சத்தை 18 சதவீதத்தில் கழித்தால் இன்று ஏறக்குறைய 83,500 ரூபாய். அதையே 11 சதவீதத்தில் கழித்தால் 2,09,000. ஆள் அதே ஆள், கொடுக்கவேண்டிய 10 இலட்சமும் அதே 10 இலட்சம், பொறுப்பு மட்டும் இரண்டரை மடங்கு. நெருக்கடிக் காலத்தில் அரசாங்க முறிகளின் வட்டி உச்சத்தில் இருந்தபோது பணிக்கொடைப் பொறுப்பு குறைந்து, வட்டி இறங்கியதும் திரும்ப ஊதியதற்கு இது ஒரு பெரிய காரணம். சம்பள உயர்வு எவ்வளவு என்று எடுத்த எண் அதோடு சேர்ந்து நகரும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கழிவு வீதம் 12, சம்பள உயர்வு 5 என்று இருந்தால் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். 2021இல் ஓய்வு வயதை 60 ஆக்கிய 28ஆம் இலக்கச் சட்டமும் இந்தக் கணக்கை மாற்றியது, ஏனென்றால் பலருக்குக் கொடுக்கும் திகதி தள்ளிப்போனது.

97இன் தொகையைவிட வயதுப் பட்டியல்தான் உங்களுக்கு வேண்டியது. அடுத்த மூன்று வருடத்தில் யார் யார் 60 ஆகிறார்கள், அவர்கள் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு? அச்சு இயந்திரத்தில் இருக்கிற மூத்தவர்கள் நாலு பேர் ஒரே வருடத்தில் போனால் அந்த வருடக் காசு எங்கிருந்து வரும் என்று மச்சானிடம் கேளுங்கள். பதில் உடனே வந்தால் அவர் கம்பனியை நன்றாக நடத்துகிறார் என்று அர்த்தம்.

பிற்போடப்பட்ட வரி 40 இலட்சத்துக்கு இரவில் விழித்திருக்கத் தேவையில்லை. இயந்திரத்துக்கு வரிக் கணக்கில் வேகமாகவும் கம்பனிக் கணக்கில் மெதுவாகவும் தேய்வு போட்டதில் வந்த வித்தியாசம், அதன் மேல் 30 சதவீதம். யாரும் கடிதம் போட்டுக் கேட்கமாட்டார்கள், வட்டி இல்லை, எப்போதும் நடைமுறையல்லாத பக்கத்திலேயே இருக்கும். பொதுவான கம்பனி வரி வீதம் 24இலிருந்து 30க்கு 2022 ஒக்டோபரில் ஏறியபோது, 24 சதவீதத்தில் 32 ஆகக் கணக்கிட்டிருந்த தொகை தானாக 40 ஆகியிருக்கும், அவ்வளவுதான். புது இயந்திரம் வாங்குவது நின்றால் மெல்ல மெல்ல உண்மையான வரியாக வெளியே போகும்.

இனி பணிப்பாளர் கடன் 160. ஐந்திலும் என்னை உண்மையில் கவலைப்படுத்துவது இது ஒன்றுதான். மச்சான் தன் கைக்காசைக் கம்பனிக்குள் போட்டிருக்கிறார், நல்ல விஷயம். ஆனால் அது எந்த ஒப்பந்தத்தில்? திருப்பிக் கொடுக்கும் திகதி எழுதிய கடிதம் இருக்கிறதா? பெரும்பாலான குடும்பக் கம்பனிகளில் இருக்காது. எழுத்தில் எதுவும் இல்லாத, கேட்டால் கொடுக்கவேண்டிய கடன் என்றால், அவர் "நான் இப்போது கேட்கப் போவதில்லை" என்று எத்தனை முறை சொன்னாலும், அது நடைமுறைப் பொறுப்பு. அதை அங்கே நகர்த்திப் பாருங்கள்: நடைமுறைப் பொறுப்பு 330 அல்ல, 490. நடைமுறைச் சொத்து அதே 410. 80 இலட்சம் மிச்சமாகத் தெரிந்த கம்பனி 80 இலட்சம் குறைவாகத் தெரிகிறது. அதே கம்பனி, அதே நாள், ஒரு கடிதம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

உங்களுக்கு இது இன்னும் ஒரு காரணத்துக்காக முக்கியம். நீங்கள் போடப்போகிற காசு எங்கே போகும்? புது இயந்திரத்துக்கா, அல்லது இந்த 160ஐ அவருக்குத் திருப்பிக் கொடுப்பதற்கா? இரண்டாவது என்றால் நீங்கள் கம்பனிக்குள் காசு போடவில்லை, மச்சானின் காசை வெளியே எடுத்துக் கொடுக்கிறீர்கள். அது தப்பான காரியம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் பேசி, எழுதி, அதற்கேற்ற விலையில் நடக்கவேண்டும். இத்தனை வருடத்துக்குத் திருப்பிக் கேட்பதில்லை, வங்கிக் கடன் முடியும் வரை இது பின்னால்தான் நிற்கும் என்று அவர் எழுதித் தருவாரானால் இந்த 160 கிட்டத்தட்ட முதலீடு மாதிரி. பல வங்கிகள் இதையே எழுதி வாங்கியும் இருக்கும், கேளுங்கள். சொந்தக்காரரிடம் இதைக் கேட்பது சங்கடம்தான், ஆனால் இப்போது கேட்பது நாலு வருடம் கழித்து ஒரு கலியாண வீட்டில் முகம் பார்க்காமல் நிற்பதைவிட நல்லது.

சரி, இப்போது அடுத்த 12 மாதத்தைக் கூட்டுங்கள். வங்கிக் கடனின் முதல் தொகை 60. சராசரியாக 200 இலட்சம் மிச்சம் என்று வைத்து 12 சதவீதத்தில் வட்டி 24. ஸ்டோர்ஸ் வாடகை 60. ஓய்வு பெறுகிறவர்களுக்கு ஒரு 10 என்று வைப்போம். மொத்தம் 154. உழைப்பது 190. மிச்சம் 36 இலட்சம், அதில்தான் வருமான வரி, இயந்திரம் பழுதானால் அதன் செலவு, உங்கள் பங்கிலாபம் எல்லாம். வங்கிக் கடனை மட்டும் கழித்துவிட்டு 106 மிச்சம் என்று நினைத்திருந்தீர்கள் என்றால் அந்த நினைப்பு இந்த இடத்தில் மாறும். கம்பனி மூழ்கவில்லை, தவணை கட்டக்கூடியதுதான். ஆனால் தாராளமாகப் பங்கிலாபம் தரக்கூடிய நிலையிலும் இல்லை. 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி பங்கிலாபம் கொடுக்க முதல் கம்பனி கடன் தீர்க்கும் ஆற்றல் சோதனையைத் தாண்டவேண்டும். கடன்களை வருகிற வருகிற நேரத்தில் கட்ட முடியவேண்டும், சொத்துக்களின் பெறுமதி பொறுப்புகளையும் கூறப்பட்ட மூலதனத்தையும் (பங்குகளுக்காகக் கம்பனி பெற்ற தொகை) சேர்த்ததைவிடக் கூட இருக்கவேண்டும். பணிப்பாளர் கடன் எந்தப் பக்கம் நிற்கிறது என்பது இங்கேயும் வந்து நிற்கும்.

கணக்கின் முகப்பில் இல்லாதவற்றையும் பாருங்கள். நிகழத்தக்க பொறுப்புகள் என்று கடைசிக் குறிப்புகளில் ஒன்று இருக்கும், எல்லோரும் தாண்டிப் போகிற பக்கம். தொழில் நியாய சபையில் ஒரு வழக்கு, வரித் திணைக்களத்தோடு ஒரு மேன்முறையீடு, மச்சானின் தம்பியின் கம்பனி எடுத்த கடனுக்கு இந்தக் கம்பனி போட்ட உத்தரவாதம். காசு வெளியே போவதற்கான சாத்தியம் போகாமல் இருப்பதைவிடக் கூட என்றால், தொகையையும் நம்பகமாக மதிப்பிட முடியுமென்றால், ஏற்பாடு என்ற பொறுப்பாகக் கணக்கில் பதியவேண்டும், இல்லாவிட்டால் குறிப்பில் மட்டும் சொல்வார்கள். உத்தரவாதத்தைப் பற்றிக் குறிப்பாகக் கேளுங்கள், குடும்பக் கம்பனிகளில் ஒன்றுக்கு ஒன்று கையெழுத்துப் போட்டுக்கொள்வது சாதாரணம், அதைக் கணக்கெழுதுகிறவருக்குச் சொல்ல மறப்பதும் சாதாரணம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மச்சானிடம் ஃபெசிலிட்டி லெட்டரின் முழுப் பிரதியைத்தான் முதலில் கேட்பேன், சுருக்கம் வேண்டாம். அதில் மூன்று வரி தேடுங்கள். நிபந்தனைகள் எவை, கடைசியாக எப்போது சோதித்தார்கள். பங்குடமை மாறுவதற்கு வங்கியின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமா, ஏனென்றால் இந்த வரி அடிக்கடி இருக்கும், அப்படி இருந்தால் நீங்கள் 20 சதவீதம் வாங்குவதே நிபந்தனை மீறலாகி அந்த 170ஐயும் முன்னுக்கு இழுத்துவிடலாம். மூன்றாவது, பணிப்பாளர்கள் தனிப்பட்ட பிணை கொடுக்கவேண்டுமா. பங்குதாரராக மட்டும் நின்றால் போட்ட காசோடு உங்கள் பொறுப்பு முடிகிறது. பணிப்பாளராகவும் பெயரைப் போட்டு அந்தப் பிணையில் கையெழுத்து வைத்தால், 230 இலட்சமும் நீங்கள் இருக்கிற வீடு வரைக்கும் வரலாம். வங்கியின் சம்மதக் கடிதமும் பணிப்பாளர் கடன் ஒப்பந்தமும் கைக்கு வந்த பிறகு விலை பேசுங்கள். பணிப்பாளர் பதவியை இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.